வீடு விற்பனைக்கு, இந்தியருக்கு மட்டும்

1

சம்பளத் தேதியை மனிதர்கள் மறப்பதில்லை. கல்யாணத் தேதியை மறந்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். போன வருடம் எங்கள் வீட்டில் இந்த இரண்டுமே பின்னால் போய், ஒன்றாம் தேதி மட்டும் முன்னால் வந்து நின்றது. மாதா மாதம் ஒன்றாம் தேதி காலையில், பல்கூடத் துலக்காமல், நானும் என் மனைவி ரெஜினாவும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனைத் திறப்போம். எங்கள் புளோக் எண், விற்பவர் இனம், வாங்குபவர் இனம் எல்லாவற்றையும் தட்டுவேன். ரெஜினா சிலுவை போட்டுக்கொள்வாள். பதில் வரும். இந்த மாதமும் இந்த வீட்டைச் சீனர் வாங்க முடியாது.

"மாதாவுக்கு நம்ம ஃபைல் இன்னும் போய்ச் சேரலை போல," என்பாள் ரெஜினா. பிறகு எழுந்து காப்பி போடப் போவாள்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சிங்கப்பூரில் பெரும்பாலோர் குடியிருப்பது அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான். ஒவ்வொரு புளோக்கிலும், அதாவது ஒவ்வொரு கட்டடத்திலும், எந்த இனத்தார் எத்தனை வீடு வரைக்கும் வைத்திருக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. சீனர் ஒரு பக்கம், மலாய்க்காரர் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம் என்று தனித்தனியாக ஒதுங்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்தது. நல்ல ஏற்பாடு. மனதாரச் சொல்கிறேன். தூத்துக்குடியில் நான் பிறந்த தெருவில் எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் கிடையாது. அடுத்த தெரு யாருடையது, அதற்கும் அடுத்தது யாருடையது என்று பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்குக்கூடத் தெரியும். இங்கே செங்காங்கில் என் மகள் ஜெனி இடது பக்கத்துச் சீன வீட்டில் வீட்டுப்பாடம் எழுதி, வலது பக்கத்து மலாய் வீட்டில் பெருநாள் பலகாரம் தின்று வளர்ந்தாள். அந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை, என் வீட்டை நானே விற்கக் கிளம்பும் வரை.

எங்கள் புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது, மாதா மாதம் ஒன்றாம் தேதிதான் புதுக் கணக்கு வரும். ஒரு சீனர் இன்னொரு சீனருக்கு விற்கலாம், எண்ணிக்கை மாறாது. நான் சீனருக்கு விற்றால் ஒன்று கூடிவிடும், அதனால் முடியாது. இந்தியருக்கோ மலாய்க்காரருக்கோதான் விற்க வேண்டும். வீடு வாங்க அலைகிறவர்களிலோ பெரும்பாலோர் சீனர்கள். கணக்கு இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும்.

ரெஜினாவின் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. அவள் உலகம் என்பது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையும் அதில் அவள் பாடும் பாடல் குழுவும்தான். கோவிலுக்கு நடந்து போகும் தூரத்தில், ஜாலான் புசார் பக்கம், இரண்டு அறையில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. வாங்கிவிட்டோம். அதன் சாவி கைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் செங்காங் வீட்டை விற்றாக வேண்டும் என்பது விதி. இரண்டு வீட்டை வைத்துக்கொண்டு உட்கார முடியாது. கப்பல் பட்டறையில் பற்றவைப்பைச் சோதித்துப் பார்க்கும் என் வேலைக்கும் இன்னும் ஒரு வருடம்தான் ஆயுள்.

ஆறு மாதம் என்றால் ஆறு ஒன்றாம் தேதிகள். அதில் இரண்டு, மேலே சொன்ன மாதிரி, காப்பியில் முடிந்தன.

2

எங்கள் வீட்டை விற்றுக் கொடுக்க வந்தவர் செல்வி. இங்கேயே பிறந்து வளர்ந்தவர். முருகன் படம் ஒட்டிய காரில் வருவார். அவர் பேச்சில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம், மீதி இந்த ஊர் 'லா'.

"அண்ணே, வீடு சூப்பரா இருக்கு. ஆனா கோட்டா ஃபுல் லா. இண்டியன் பையர் கிடைக்கணும். வெயிட் பண்ணுவோம்," என்றார்.

வெயிட் பண்ணுவது என் சுபாவம் இல்லை. நானே ஒரு விளம்பரம் எழுதினேன். நல்ல காற்றோட்டம், ரயிலுக்குப் பக்கம் என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில், எதற்கும் இருக்கட்டும் என்று, 'இந்தியர் மட்டும் தொடர்புகொள்ளவும்' என்று சேர்த்தேன். இணையத்தில் போட ஜெனியிடம் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க எழுத்துக் கூட்டவேண்டும். கூட்டி முடித்ததும் நிமிர்ந்தாள்.

"அப்பா, இது ரேசிஸ்ட்."

"இது ரூலு."

"ரூல் வேற, நீங்க எழுதுறது வேற. இப்படி ஒரு ஆட் பார்த்தா எனக்கு எப்படி இருக்கும்?"

எப்படி இருக்கும் என்று என்னிடமா கேட்கிறாள்? அந்தப் பாடத்தில் நான் முனைவர் பட்டமே வாங்கலாம்.

கல்யாணமான புதிதில் சென்னையில் வேலை பார்த்தேன். வாடகைக்கு வீடு என்று பலகை தொங்கும். கதவைத் தட்டுவேன். வீட்டுக்காரர் முகம் மலர்ந்து உட்கார வைப்பார், தண்ணீர் தருவார், பெயரைக் கேட்பார். அந்தோணி என்பேன். அவர் மனைவி உள்ளேயிருந்து, அந்த வீட்டுக்கு நேற்றே அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது என்று குரல் கொடுப்பார். சிலர் இந்தச் சிரமம் எல்லாம் வைக்காமல் பலகையிலேயே 'சைவம் மட்டும்' என்று எழுதிவிடுவார்கள். அது ஒரு வகையில் மரியாதை, வெயிலில் மாடி ஏறும் வேலை மிச்சம்.

சிங்கப்பூரில் மரியாதை போன் வழியாக வந்தது. தொழிலாளர் விடுதியில் இருந்த நான், ரெஜினாவை அழைத்துக்கொள்ள ஒரு அறை தேடினேன். ஒன்பது இடத்துக்குப் பேசினேன். ஒன்பதிலும் முதல் கேள்வி, நீ இந்தியனா. இரண்டாவது கேள்வி, சமைப்பாயா. இங்கே இதற்கென்றே ஒரு சொல் உண்டு, லைட் குக்கிங். முட்டை அவிக்கலாம், நூடுல்ஸ் கொதிக்க வைக்கலாம், கடுகு தாளித்தால் காலி செய்ய வேண்டும். நான் உண்மையைச் சொன்னேன். மீன் குழம்பு வைப்போம், கருவாடு பொரிப்போம். ஒன்பது பேரும் வைத்துவிட்டார்கள்.

பத்தாவது, ஜாலான் புசாரில் ஒரு இரும்புச் சாமான் கடை. கடைக்கு மேலே ஒரு அறை. கடைக்காரர், சீனர், நேரில் பார்த்தே கேட்டார், சமைப்பாயா என்று. மாட்டேன் என்றேன். உன் மனைவி? அவளுக்குச் சமைக்கவே தெரியாது என்றேன்.

பத்து வயதிலிருந்து மீன் ஆய்ந்து குழம்பு வைக்கும் ரெஜினா இந்த ஒரு பொய்யை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாயா என்று ஒவ்வொரு தவக்காலத்திலும் கேட்பாள். அந்த அறையில் அவள் ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துண்டைத் திணித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கருவாடு பொரிப்பாள். சொந்த வீடு வாங்கிச் செங்காங்குக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கருவாட்டை எடுத்தால் கை தன்னால் ஜன்னலுக்குப் போகும்.

அன்றைக்கு இந்தியர் வேண்டாம் என்று எல்லாரும் என்னிடம் சொன்னார்கள். இன்றைக்கு இந்தியர் மட்டும்தான் வேண்டும் என்று நான் எழுதுகிறேன். ஜெனி கடைசி வரியை அழித்துவிட்டுத்தான் விளம்பரத்தைப் போட்டாள்.

3

விளம்பரத்துக்கு ஒரு தமிழ்ப் பையன் வந்தான். அவனுக்கு வீடு பிடித்தது, வங்கிக்கு அவன் சம்பளம் பிடிக்கவில்லை. பிறகு பக்கத்துப் புளோக்கில் பெற்றோருடன் இருக்கும் ஒரு சீனத் தம்பதி, முடியாது என்று தெரிந்தே வந்தார்கள். அந்தப் பெண் நிறைமாதம். சமையலறை ஜன்னல் பக்கம் நின்று, இங்கே தொட்டில் போட்டால் அம்மா வீடு தெரியும் என்று கணவனிடம் சொன்னாள். எப்போதாவது வரம்பு திறந்தால் எங்களைக் கூப்பிடுங்கள், நாங்கள் காத்திருப்போம் என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எப்படித் திறக்கும்? புளோக்கில் ஒரு சீன வீடாவது சீனரல்லாதவர் கைக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டது. கார் நிறுத்தும் இடத்தில் லாரி வந்து நின்றால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். யார் வீட்டுச் சாமான் இறங்குகிறது, யார் வீட்டுச் சாமான் ஏறுகிறது? ஒருநாள் ஐந்தாம் மாடிக்காரர் சாமி மாடத்தையே லாரியில் ஏற்றினார். சாமியே காலி செய்கிறது என்றால் குடும்பமும் காலிதானே. சந்தோஷத்தில் நானே ஒரு கை பிடித்துத் தூக்கிவிட்டேன். மறு வாரம் அதே லாரியில் மாடம் புதிதாகச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு திரும்பி வந்தது. அதையும் தூக்கிவிட்டேன். ஐந்தாம் மாடிக்காரர் என்னை இந்தப் புளோக்கிலேயே நல்ல மனிதன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"அப்பா, நீங்க மனுஷங்களை கவுண்ட் பண்றீங்க," என்றாள் ஜெனி. "லிஃப்ட்ல ஒருத்தர் வந்தா முதல்ல என்ன ரேஸ்னு பார்க்கறீங்க. முன்னாடி நீங்க இப்படி இல்ல."

"ஊர்ல பேர் பார்த்துப் பழகுனது. இப்ப இனம் பார்க்கச் சொல்றாங்க, என்ன செய்ய?"

"யாரும் பார்க்கச் சொல்லல. விக்கச் சொன்னாங்க, அவ்வளவுதான்."

இப்படிப்பட்ட இடத்தில் அப்பாக்கள் பேப்பர் வாசிப்பார்கள். நானும் வாசித்தேன்.

அந்த மாதம் ஏழாம் மாடி அம்மா ஒருவர் இறந்துபோனார். இங்கே புளோக்கின் கீழ்த்தளம் திறந்த வெளி. கல்யாணமும் அங்கேதான், சாவும் அங்கேதான். சீன முறைப்படி கூடாரம் போட்டு, வட்ட மேசைகள் போட்டிருந்தார்கள். ஜெனி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த அம்மா லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் அவள் கையில் ஒரு மிட்டாய் வைப்பார். துக்கம் கேட்கப் போனேன். அவர்கள் வழக்கப்படி காசு வைத்த உறை கொடுத்தேன், வணங்கினேன், கூடாரத்துக்கு வெளியே ஓரமாக ஒரு மேசையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கண் தன்னால் மேலே போனது. ஏழாம் மாடி, மூன்றாவது ஜன்னல். வீட்டில் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள், விற்க மாட்டார்கள், எண்ணிக்கை குறையாது.

இதை நினைத்தது வேறு யாரும் இல்லை, நான்தான். சாவு வீட்டில் மேசைக்கு மேசை வைத்திருந்த கடலை கையில் இருக்கும்போது நினைத்தேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது, இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

பக்கத்து நாற்காலியில் லிம் அங்கிள் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டாம் மாடி, தனியாள். மனைவி போய்ச் சில வருடங்கள் ஆகின்றன, ஒரே மகன் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில். ஒரே புளோக்கில் இத்தனை வருடம் இருந்தும் எங்களுக்குள் குட் மார்னிங் மட்டும்தான் புழக்கம். அன்றைக்குத்தான் நான் அவரை, நாளை காலை கோப்பி, அதாவது இந்த ஊர்க் காப்பி, குடிக்கலாமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

4

மூன்றாவது ஒன்றாம் தேதியும் காப்பியில் போயிற்று. அதற்கடுத்த வாரம் செல்வி ஒரு தம்பதியை அழைத்து வந்தார். கோயம்புத்தூர்க்காரர்கள். நல்ல வேலை, கையில் குடியுரிமை, வங்கிக் கடனுக்கு ஒப்புதல் கடிதம், எல்லாம் தயார். ரெஜினா அவர்களுக்கு ரவா லட்டு கொடுத்தாள். அந்தப் பெண் ஒவ்வொரு அறையாகப் பார்த்து, நல்லா இருக்கு ஆன்ட்டி, நல்லா இருக்கு ஆன்ட்டி என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் மனதுக்குள் நன்றித் திருப்பலிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

அப்போதுதான் அந்தத் தம்பி போனை எடுத்து ஊரிலிருக்கும் அப்பாவை வீடியோவில் கூப்பிட்டான்.

"வாசலைக் காட்டுடா," என்றது போனுக்குள்ளிருந்து ஒரு குரல். "திசை பாரு."

தம்பி மனைவியின் போனில் திசைகாட்டியைத் திறந்தான். எங்கள் வாசல் சுத்தமான தெற்கு. இத்தனை வருடம் அதன் வழியாகப் போய் வந்த எனக்கு அது ஒரு குற்றம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு வாஸ்து தெரியாது. ஆனால் காந்தமும் இரும்பும் தெரியும், பட்டறையில் முப்பது வருடம் அவற்றோடுதான் குடித்தனம். எங்கள் வீட்டுக் கதவுக்கு முன்னால் கனமான இரும்புக் கேட் ஒன்று இருக்கிறது.

"தம்பி, அங்க வெளிச்சம் பத்தாது. இப்படி கேட் பக்கத்துல நின்னு பாருங்க," என்றேன்.

நின்றான். முள் குடித்தவன்போல ஆடி, கிழக்கில் போய் நின்றது. எனக்குள் ஒரு அல்லேலூயா எழுந்தது.

"கேட்டை விட்டு நாலடி தள்ளி நில்லுடா, இரும்பு இழுக்கும்," என்றது கோயம்புத்தூர்.

தம்பி தள்ளி நின்றான். முள் தெற்குக்கு வந்தது. ரெஜினா என்னைப் பார்த்த பார்வையில் அந்த வருடத் தவக்காலத்துக்கு வேண்டிய பாவம் முழுவதும் இருந்தது.

அவர்கள் மரியாதையாகத்தான் விடைபெற்றார்கள். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது அந்தப் பெண் நடைபாதைக்கு எதிர் வரிசையைக் காட்டிக் கேட்டாள்.

"அங்கிள், அந்தப் பக்க வீடெல்லாம் வடக்கு வாசல்தானே? அதுல எதுவும் விலைக்கு வருமா?"

அந்த வரிசையில் எல்லா மாடியிலும் சீனர்கள். பன்னிரண்டாம் மாடியில் இருப்பவர் லிம் அங்கிள். அவர் வீட்டை இவர்கள் வாங்கினால் சீனர் எண்ணிக்கை ஒன்று குறையும். அந்த ஒன்றில் என் வீட்டை அந்த நிறைமாதப் பெண்ணுக்கு விற்கலாம். ஒரே நொடியில் இவ்வளவும் மனதில் ஓடி முடிந்தது. செல்வியும் என்னைப் பார்த்தார், அவருக்கும் ஓடி முடிந்திருந்தது.

"அண்ணே, நீங்கதான் அந்த அங்கிளோட டெய்லி கோப்பி குடிக்கறீங்களே," என்றார் மெதுவாக.

5

கீழே காப்பிக்கடையில் லிம் அங்கிளுக்கு என்று ஒரு மேசை. பால் இல்லாத கோப்பி, சுட்ட ரொட்டி. அவர் பேசுவது ஆங்கிலமும் சீனமும் மலாயும் கலந்த ஒன்று. உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

ஒரு மாதத்துக்கும் மேலாகத் தினமும் உட்கார்ந்து பேசியிருந்தோம். ஒன்பது பேர் போனை வைத்த கதையை நான் சொன்னேன். ரெஜினாவுக்குச் சமைக்கத் தெரியாது என்று நான் சொன்ன இடத்தில் அவர் கோப்பியைச் சிந்தும் அளவுக்குச் சிரித்தார். தன் மனைவி உப்புமீனைப் பொரித்துக் கஞ்சியோடு கொடுப்பாள் என்று சொன்னார். அவள் போனபிறகு தானே பொரித்துக்கொள்வதாகவும், அந்த வாசனை வந்தால்தான் வீட்டில் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது என்றும் சொன்னார். எந்த நோக்கத்தோடு உட்கார்ந்தேனோ அது அப்படியே இருந்தது. அதற்கு மேலே, எனக்குத் தெரியாமலே, எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. இரண்டும் ஒரே மனதுக்குள் இருக்குமா என்று கேட்காதீர்கள். இருந்தது.

கோயம்புத்தூர்க்காரர்கள் வந்துபோன மறுநாள், நான் வாய் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"நேத்து ஒரு இந்தியப் பொண்ணு என் வாசல்ல நின்னு போன்ல திசை பார்த்துச்சு. என் கதவு வடக்கா?"

"ஆமா அங்கிள்."

"வடக்கு நல்லதா?"

"அவங்களுக்கு நல்லது."

அவர் ரொட்டியை ஒரு கடி கடித்தார். "அன்னைக்குச் சாவு வீட்டுல நீ மேல பார்த்து மாடி எண்ணினே. நானும் பார்த்தேன். அதுக்கு முன்னாடி எத்தனையோ வருஷம் குட் மார்னிங். அதுக்கப்புறம் தினம் கோப்பி. நான் கிழவன், முட்டாள் இல்லை லா."

எனக்குத் தலை நிமிரவில்லை. சென்னையில் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து அப்புறம் பெயரைக் கேட்டார்களே, அவர்களிடம் இருந்தது ஒரு கணக்கு. என்னிடம் இருந்ததும் அதுதான். நான் கோப்பி வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவே வித்தியாசம்.

"எனக்காக நீங்க விக்க வேண்டாம் அங்கிள்," என்றேன். பாதி உண்மையாகத்தான் சொன்னேன்.

"உனக்காக விக்க நீ யாரு லா? மகன் ரெண்டு வருஷமா கூப்பிடறான். வா, வான்னு. நான் பதிலே சொல்லலை." கொஞ்ச நேரம் கோப்பியையே கலக்கிக்கொண்டிருந்தார். "யாராவது, போகாதே, இருன்னு சொல்லுவாங்களான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்."

அங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். இருங்க அங்கிள் என்று இரண்டே சொல். எனக்கு ரெஜினாவின் முழங்காலும், நான்காவது ஒன்றாம் தேதியும், தொட்டில் போட இடம் பார்த்த அந்தப் பெண்ணும் கண்ணில் வந்தார்கள். நான் கோப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் மிச்ச ரொட்டியைத் தின்று முடித்தார். பிறகு, "அந்தத் திசை பார்த்த பொண்ணு நம்பரைக் கொடு," என்றார்.

6

ஆறாவது ஒன்றாம் தேதி, கடைசித் தேதி. அதற்குள் லிம் அங்கிள் வீடு கோயம்புத்தூர்க்காரர்கள் பெயருக்கு மாறியிருந்தது. ரெஜினா சிலுவை போட்டாள், நான் அழுத்தினேன். வாங்கலாம் என்று வந்தது. ரெஜினா நம்பாமல் என்னை இன்னொரு முறை அழுத்தச் சொன்னாள். இரண்டாம் முறையும் வாங்கலாம். அந்தச் சீனத் தம்பதியைக் கூப்பிட்டபோது பின்னணியில் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. இதற்குள் அது பிறந்து, அம்மா வீட்டுக் கூடத்தில் தொட்டில் போட்டிருந்தார்கள்.

லிம் அங்கிள் போகும் நாளில் நான் விமான நிலையம் வரைக்கும் போனேன். பெட்டி ஒன்றுதான். ரெஜினா கொடுத்த ரவா லட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டார். உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்து, குட் மார்னிங் என்றார். அப்போது மாலை ஐந்து மணி.

இப்போது நாங்கள் ஜாலான் புசார்வாசிகள். முன்பு திருகாணியும் குழாயும் விற்ற கடைகள் பல இப்போது காப்பியும் கேக்கும் விற்கின்றன. பழைய சுவருக்கு வண்ணம் அடித்து, செடி தொங்கவிட்டு, பேட்டைக்குப் புது உயிர் கொடுத்திருக்கிறார்கள். குறை சொல்ல மாட்டேன், அழகாகத்தான் இருக்கிறது. எங்கள் இரும்புச் சாமான் கடையும் ஒரு காப்பிக்கடை ஆகிவிட்டது. பழைய பெயர்ப்பலகையை மட்டும் அலங்காரத்துக்கு விட்டு வைத்திருக்கிறார்கள். மேலே, எங்கள் அறை இருந்த இடத்தில், நான்கு மேசைகள்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து அங்கே ஏறினோம். எங்கள் கட்டில் கிடந்த மூலையில் உட்கார்ந்தோம். ரெஜினா உணவுப் பட்டியலை விரித்தாள். மூன்றாவது வரியில் உப்புமீன் பாஸ்தா. பக்கத்து மேசைப் பிள்ளைகள் அதை வாங்கி, கருவாட்டு வாசனை தெருவரைக்கும் போக, படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரெஜினா கதவிடுக்கைப் பார்த்தாள். ஈரத்துண்டு எதுவும் இல்லை. பிறகு விலையைப் பார்த்தாள், பட்டியலை மூடினாள், இரண்டு கோப்பி மட்டும் சொன்னாள்.

7

நேற்று மதியம் போன் வந்தது. பெர்த்திலிருந்து லிம் அங்கிள். இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

மகன் வீடு பெரிது என்றார். தோட்டம் இருக்கிறது. மருமகள் நல்ல பெண். காலையில் எல்லாரும் காரில் ஏறிப் போய்விட்டால் மாலை வரை அந்தத் தெருவில் நாய்கூட நடப்பதில்லை. அதனால் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் தனக்கென்று ஒரு சின்ன அறை வாடகைக்குத் தேடுகிறாராம்.

"கிடைச்சுதா அங்கிள்?"

"போன் பண்ணினேன். நீ எங்கேருந்து வந்தேன்னு கேட்டாங்க. சொன்னேன். அப்புறம், சமைப்பியான்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"உண்மையைச் சொன்னேன். உப்புமீன் பொரிப்பேன்னு. வச்சுட்டாங்க. இது மூணாவது." சற்று நிறுத்தி, "உனக்கு எத்தனை?" என்றார்.

"ஒன்பது."

"அப்ப எனக்கு இன்னும் ஆறு இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தோம். நீளமாகச் சிரித்தோம். பத்தாவதில் என்ன சொல்ல வேண்டும் என்று நினைவு இருக்கிறதா என்றேன். இருக்கிறது என்றார், ஆனால் எனக்குப் பொய் சொல்ல மனைவி இல்லையே என்றார். அதற்கு மேல் என்னால் சிரிக்க முடியவில்லை. காப்பிக்கடையில் நான் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கோப்பை கண் முன்னால் வந்து நின்றது.

"அங்கிள், திரும்பி வந்துடுங்க," என்றேன். முன்கூட்டி யோசித்துச் சொன்னது இல்லை, வந்துவிட்டது. "எங்க வீட்டுல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. ஜெனி எப்பவாவதுதான் வருவா."

அந்தப் பக்கம் நாற்காலி ஒன்றை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"வந்தா சமைக்கலாமா?" என்றார்.

லைட் குக்கிங் மட்டும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. நல்ல வேடிக்கையாக இருந்திருக்கும். ஆனால் அவர் குரலைக் கேட்டால் அவர் வேடிக்கைக்குக் கேட்ட மாதிரி இல்லை.

"என்ன வேணும்னாலும் பொரிங்க அங்கிள். வந்து இருங்க," என்றேன்.

மகனிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், ரெஜினா சமையலறை வாசலில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அறையைக் கொடுத்துவிட்டாயே என்று சண்டை வரும் என்று காத்திருந்தேன்.

"சீன உப்புமீனு நம்ம கருவாட்டைவிட நாறும், தெரியுமில்ல?" என்றாள்.

தெரியும் என்றேன். அவள் போய்ச் சமையலறை ஜன்னலைத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு அட்டையை மடித்து இடுக்கில் வைத்தாள்.